மூக்கில்லாத வண்டி

மற்ற வண்டிகளுக்கு முன்னால் ஒரு மூக்கு உண்டு.
மோதினால் முதலில் அது நசுங்கும்.
என் மெட்டடாருக்கு அது கிடையாது.
கண்ணாடி, அதன் கீழே ஒரு தகடு,
தகட்டுக்குப் பின்னால் என் முழங்கால்.
கொண்டை ஊசி வளைவில்
சக்கரங்கள் இன்னும் தாரில் இருக்க
நான் மட்டும் முன்னால் போய்
பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

தொண்ணூற்றி இரண்டாம் வருஷத்து வண்டி.
எனக்கு முன்னால் ஒரு கான்வென்ட்,
ஒரு பந்தல்காரர்,
ஆர்.சி. புத்தகத்தில் பெயர் அழிந்துபோன ஒருத்தர்.
கதவில் கான்வென்ட் பெயரை மறைத்து அடித்த பெயின்ட்
மழையில் நனைந்தால் மட்டும்
‘புனித’ என்று காட்டும்.
அதற்கு மேல் காட்டாது.

இன்ஜின் எனக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே
மூடி போட்டு, மூடிமேல் மெத்தை தைத்து,
கூலி கேட்காத கிளீனர் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
வத்தலக்குண்டுக்கு இறங்கினால்
இடது தொடை வெந்துபோகும்.
மன்னவனூரில் மார்கழிக் காலையில்
அதே மூடியில் கை வைக்க ஆறு பேர் சண்டை.
பூண்டு தரம் பிரிக்கப் போகிறவர்கள்
தூக்குவாளியை அங்கேதான் வைப்பார்கள்.
பூம்பாறை வருவதற்குள்
ரசம் கொதிக்காது,
ஆனால் கொதிக்கலாமா என்று யோசித்திருக்கும்.
வண்டி முழுக்க டீசலும் பூண்டும்.
என்னைப் பெண் பார்க்க வந்தவனின் அம்மா
என் சால்வையை முகர்ந்து பார்த்துத்தான்
ஜாதகம் பொருந்தவில்லை என்றாள்.

இதில் ரகசியம் பேச முடியாது.
மருமகள் சங்கதி, ஏலச்சீட்டில் ஓடிப்போனவன்,
டாக்டர் என்ன சொன்னார்,
எல்லாவற்றையும் இன்ஜினுக்கு மேல் கத்தித்தான் சொல்லவேண்டும்.
நான் சாவியைத் திருப்பி அணைத்தால்
பதினான்கு பேரும் ஒரே நேரத்தில்
வாயை மூடிக்கொள்வார்கள்.

கிளட்ச் பிளேட் கடையில் கிடைப்பதில்லை.
மெக்கானிக் சிக்கந்தர் போன் செய்வார்:
“ஒட்டன்சத்திரத்துல ஒண்ணு சாகக் கிடக்கு,
போய் என்ன வேணுமோ எடுத்துக்க.”
எஃப்.சி.க்குப் போனால் திண்டுக்கல்லில் அதே இன்ஸ்பெக்டர்,
ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டே
“இன்னும் எத்தனை நாளைக்கும்மா?”
“அடுத்த எஃப்.சி. வரைக்கும் சார்.”
அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
கூக்கால் பக்கத்து மேட்டில் சேறு.
இதில் இழுப்பது முன்சக்கரம்.
ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாய
முன்சக்கரம் பிடிப்பில்லாமல்
ஒரே இடத்தில் உழுதுகொண்டிருந்தது.
இறங்குங்கள் என்றேன்.
அந்த மழையில் யார் இறங்குவார்கள்?
கடைசி சீட்டிலிருந்து செல்லக்கனி அக்கா மட்டும்
“திருப்பிட்டுப் பின்னாடி ஏறு புள்ள” என்றார்.

கீழே சமதளத்துக்கு உருட்டி, திருப்பி,
ரிவர்ஸ் போட்டேன்.
பாரம் இப்போது என் பாதத்துக்குக் கீழே.
பின்கதவைத் திறந்து போன் வெளிச்சம் காட்டி
மின்னல்கொடி கத்துகிறாள்,
போலாம், போலாம், ரைட்ல ஒரு கல்லு, போலாம்.
எனக்கு எதிரே ஹெட்லைட்டில்
மழையும், மழைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லாததும்.
முகம் முழுக்க இறக்கத்தைப் பார்க்க
முதுகு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.
கிளட்ச் கருகும் வாசனை பூண்டை ஜெயித்த நேரம்
யாரோ ஜெபம் சொன்னார்கள்.
கத்தாமல் சொன்னதால்
யாருடைய சாமிக்கு என்று தெரியவில்லை.

மேலே நிறுத்தி அணைத்தபோது
யாரும் உடனே இறங்கவில்லை.
மூடிமேல் எத்தனை கைகள் என்று நான் எண்ணவில்லை,
என்னுடையதும் இருந்தது.

எடைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான் போன வாரம்.
தராசு கொண்டுவா பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.
செல்லக்கனி அக்கா
அன்றைக்கு உள்ள இருபது ரூபாயை இன்னும் தரவில்லை.
கேட்டால்,
பின்னாடி போனதுக்கெல்லாம் காசு உண்டா என்கிறார்.